சங்கம் உள்ள வீடா, சங்கம் இல்லாத வீடா: டெக்சாஸில் ஏழு ஆண்டுகள் பொருளாளராக இருந்த ஒருவரின் பதில்

வடக்கு டாலஸ் புறநகரில் முதல் வீடு வாங்கவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, ஹெச்.ஓ.ஏ. எனப்படும் வீட்டுரிமையாளர் சங்கம் உள்ள புதிய குடியிருப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 900 டாலர் கட்டணம். மற்றது, சங்கமே இல்லாத தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு. சங்கம் இருந்தால் வாசலில் கோலம் போடுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். சங்கம் இருந்தால்தான் விலை நிற்கும் என்கிறார் ரியல்டர், அதாவது எங்கள் வீட்டுத் தரகர். யார் சொல்வது சரி?" கோலம், விலை என்று கேள்வி இரண்டு பக்கம் இழுத்தாலும், நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பணம் கொடுத்து வாங்கும் வீட்டின் மேல் அக்கம்பக்கத்தாருக்கு எவ்வளவு அதிகாரத்தை விட்டுக்கொடுக்கிறோம், அதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன என்பது.

நான் தொழிலால் கணக்காளன். டெக்சாஸுக்குக் குடிவந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஏழு ஆண்டுகள், ஏறத்தாழ அறுநூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். வழக்கறிஞன் அல்லன். இந்தச் சங்கங்களுக்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரே மாநிலத்திலும் ஒவ்வொரு குடியிருப்பின் ஆவணமும் வேறு. ஆகவே வேறு மாநிலத்தின் பெயரைக் குறிப்பிடாதவரை, கீழே சட்டம் என்று நான் சொல்வது டெக்சாஸ் சட்டம். அனுபவம் என்று சொல்வது ஒரே ஒரு சங்கத்தில் நான் கண்டது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து படிக்க வேண்டாம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். சென்னை அடுக்ககச் சங்கங்களைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சங்கம் என்றவுடன், தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, தராதவர் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டிவிட்டு அலுத்துப்போகும் செயலாளர்தான் நினைவுக்கு வருவார். அந்த நினைவோடு இங்கே வீடு வாங்கக் கூடாது. இங்கே நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் டெவலப்பர், முதல் வீட்டை விற்பதற்கு முன்பே, அந்த நிலத்தில் யார் என்ன செய்யலாம், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கவுன்ட்டி அலுவலகத்தில் பதிவுசெய்துவிடுகிறார். டெக்சாஸ்காரர்கள் இந்தப் பத்திரக் கட்டுப்பாடுகளை டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை வாங்குகிறவர் யாராயிருந்தாலும் அவரைப் பிடிக்கும். பத்திரம் உங்கள் பெயருக்கு மாறியவுடன் நீங்கள் உறுப்பினர். தனியாகச் சேரத் தேவையில்லை, வீட்டை விற்காமல் விலகவும் முடியாது. கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் அந்தப் பாக்கி லியனாக, அதாவது வீட்டின் மேலான பற்றுரிமையாக, ஏறும். குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து காப்பதில் டெக்சாஸ் மிகக் கண்டிப்பான மாநிலம். கிரெடிட் கார்டு பாக்கிக்காக யாரும் உங்கள் வீட்டைத் தொட முடியாது. ஆனால் சங்கப் பாக்கிக்காகத் தொடலாம் என்று 1987-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் குடிவருவதற்கு முன்பே அந்தக் கட்டுப்பாடு நிலத்தின் மேல் இருந்தது என்பதே அதன் அடிப்படை.

இத்தகைய சங்கங்கள் அமெரிக்காவில் 3,50,000-க்கும் மேல் இருப்பதாகவும் அவற்றில் 7 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்வதாகவும் இத்துறையின் அமைப்பு ஒன்று கணக்கிடுகிறது. இவ்வளவு பெருகியதற்கு மக்களின் விருப்பத்தைவிட நகராட்சிகளின் சிக்கனமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். கலிஃபோர்னியாவில் 1978-ல் வாக்காளர்கள் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டிய பிறகு, புதிய குடியிருப்பின் பூங்காவையும் உள்தெருவையும் மழைநீர்க் குளத்தையும் அங்கே வாழ்வோரே பராமரித்துக்கொள்ளட்டும் என்று நகராட்சிகள் ஒதுங்கும் போக்கு வலுத்தது. ஹூஸ்டனில் காரணம் வேறு. அங்கே நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் பணிமனை வராமல் தடுப்பது பெரும்பாலும் இந்தப் பத்திரக் கட்டுப்பாடுகள்தான். எனவே அவற்றை மீறுவோர்மேல் நகராட்சியே வழக்குத் தொடுக்கிறது. இதே கருவியைக் கொண்டுதான் ஒரு காலத்தில் கறுப்பின மக்களையும் யூதர்களையும் ஆசியர்களையும் குடியிருப்புகளுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அத்தகைய இன விலக்குகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் அவற்றை முற்றிலும் சட்டவிரோதமாக்கியது.

நன்மைகளில் நீச்சல்குளத்தையும் கிளப் ஹவுஸையும் எல்லாரும் சொல்வார்கள். அவற்றைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, எங்கள் குளத்தை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய குடும்பங்கள் குறைவு. மெய்யான நன்மை, நீங்கள் தனியாகச் செய்ய முடியாததைச் செய்வதற்கு ஒரு சட்டப்பூர்வமான கை இருப்பது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடாத மூன்று கார்களைப் புல்வெளியில் நிறுத்திவிட்டார் என்றால், சங்கம் இல்லாத தெருவில் நீங்கள்தான் அவரிடம் போய்ப் பேச வேண்டும் அல்லது நகராட்சியில் முறையிட்டுக் காத்திருக்க வேண்டும். சங்கம் இருந்தால் உங்கள் பெயர் வெளியே வராமல் கடிதம் போகும். மழைநீர்க் குளம் தூர்ந்துபோனால் தூர்வார ஆள் வரும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுவதும் உறைந்துபோன அந்த வாரத்தில் எங்கள் கிளப் ஹவுஸின் குழாய்கள் வெடித்தன. காப்பீட்டு நிறுவனம் தருவதற்கு முன் நாங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகையை, பெரிய பழுதுகளுக்கென்று சங்கம் சேர்த்துவைக்கும் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஒரு வீட்டிடமும் கூடுதலாக ஒரு டாலர் கேட்கவில்லை. நன்றாக நடக்கும் சங்கம் இப்படித்தான், இருப்பதே தெரியாமல் இருக்கும்.

ரியல்டர் சொன்ன விலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரிக்க வேண்டும். பல லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2019-ல் நகரப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, சங்கம் உள்ள வீடுகள் அவற்றை ஒத்த மற்ற வீடுகளைவிடச் சராசரியாகக் குறைந்தது 4% கூடுதல் விலைக்குப் போவதாகக் கண்டது. புதிய குடியிருப்புகளில் எழும் வீடுகளில் 80% சங்கத்துக்கு உட்பட்டவை என்றும் அதே கட்டுரை சொல்கிறது. ஆனால் அந்த 4% சங்கத்தால் வந்ததா, அல்லது வசதி படைத்தோர் வாங்கும் இடங்களில் சங்கமும் சேர்ந்தே அமைவதால் அப்படித் தெரிகிறதா என்பதை முற்றிலும் பிரித்தறிவது கடினம். சராசரி என்பது உங்கள் தெருவும் அல்ல. பத்தாண்டுகளாகக் கட்டணத்தை உயர்த்தாமல், சுவரையும் குளத்தையும் பழுதாகவிட்ட சங்கம் விலையை உயர்த்தாது; இறக்கும். இரண்டையும் எங்கள் ஊரிலேயே, ஒரு மைல் தொலைவுக்குள், பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர்களின் பயத்தில் பாதிதான் உண்மை. வீட்டின் வெளிப்புறத்தை நிலையாக மாற்றும் எதற்கும், வண்ணம் பூசுவதானாலும் வேலி போடுவதானாலும் பின்புறம் பந்தல் கட்டுவதானாலும், முன் அனுமதி வேண்டும். இது பெரும்பாலான ஆவணங்களில் உள்ளது. மறுபக்கம், சங்கங்களின் கையைச் சட்டம் பல இடங்களில் கட்டியிருக்கிறது. ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ் ஆன்டெனாவைத் தடுக்க முடியாது என்று 1996-லேயே மத்திய அரசின் தகவல் தொடர்பு ஆணையம் விதி செய்துவிட்டது. சூரிய மின்தகட்டையும் மழைநீர்ப் பீப்பாயையும் டெக்சாஸ் சங்கங்கள் பொதுவாக மறுக்க முடியாது. ஆனால் எங்கே, எந்த வடிவில் என்று நிபந்தனை விதிக்கலாம். சமய நம்பிக்கையால் வாசலிலோ மனையிலோ வைக்கும் பொருளைத் தடுக்கக் கூடாது என்ற விதி 2011-ல் வாசற்கதவுக்கு மட்டும், மிகச் சிறிய அளவோடு இருந்தது. 2021-ல் அது மனை முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. மாவிலைத் தோரணமும் வாசலில் வைக்கும் பிள்ளையாரும் இதற்குள் அடங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அரிசிமாக் கோலம் சமயப் பொருளா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் மறுநாள் கழுவிப்போகும் மாக்கோலத்துக்கு எங்கள் சங்கம் ஏழு ஆண்டுகளில் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. பெயின்ட்டால் டிரைவ்வேயில் நிரந்தரமாக வரைந்த ஒரு கோலத்துக்குக் கடிதம் போனது, அது அனுமதி பெறாத வெளிப்புற மாற்றம் என்ற கணக்கில். கடிதம் போன வீட்டார் மனம் நொந்தார்கள். எனக்கும் வருத்தம்தான், ஆனால் விதி அதுவாகவே இருந்தது.

கோலத்தைவிட நம்மவர்கள் உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் வேறு. முதலாவது, வீட்டிலிருந்து நடத்தும் தொழில். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண்மணி சனிக்கிழமைதோறும் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். தெருவில் பதினான்கு கார்கள் நின்றன. வீட்டைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதியை வைத்துப் பக்கத்து வீட்டார் முறையிட்டார்கள். கடைசியில் வகுப்பு கோவில் கூடத்துக்கு மாறியது. சமையல் ஆர்டர் எடுப்பவர்களுக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். வீட்டுக்குள் நடப்பதைவிட வெளியே நிற்கும் கார்கள்தான் பகையை வளர்க்கின்றன. இரண்டாவது, வாடகைக்கு விடுவது. விசா நிலை உறுதியில்லாத குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால், விலை குறைந்த நேரத்தில் விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் பலரது கணக்கு. ஆனால் சில சங்கங்கள் மொத்த வீடுகளில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்றோ, வாங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்றோ விதி வைத்திருக்கின்றன. 2018-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், குடியிருப்புப் பயன்பாடு என்று மட்டும் ஆவணத்தில் எழுதியிருந்தால் அது குறுகிய கால வாடகையைத் தடுக்காது என்று தீர்ப்பளித்தது. அதன் பாடம் எளியது: தடை வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதியிருந்தால் அது செல்லும் என்றே கொள்ளுங்கள். மூன்றாவது முருங்கை மரம், வேலிக்கு மேல் எழும்பித் தெருவிலிருந்து தெரியும்போது. அதை வெட்டிவிட்டால் தீர்ந்தது, மீண்டும் துளிர்க்கும்.

விதிகள் இருப்பதைவிட, அவை ஒருவர்மேல் பாய்ந்து மற்றவர்மேல் பாயாமல் இருப்பதே மனிதர்களை அதிகம் புண்படுத்துகிறது. அறுநூறு வீடுகள் உள்ள சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம். ஆகவே சங்கத்தை நடத்தும் போர்டில் உட்காருவது நேரமுள்ள நான்கைந்து பேர். அவர்களுடைய கண்ணில் படுவதே குற்றமாகிறது. பெரும்பாலும் அன்றாட வேலையை ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் விட்டுவிடுகிறார்கள். நான் பொறுப்பேற்றபோது கையில் கிடைத்த ஒப்பந்தத்தில், அனுப்பும் ஒவ்வோர் எச்சரிக்கைக் கடிதத்துக்கும் ஒரு தொகை, அதை வீட்டுக்காரர் கணக்கிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. கடிதம் எழுத எழுத வருமானம் வருமானால் கடிதம் குறையுமா? அந்தப் பிரிவை நீக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. சட்டப்படி, அபராதம் விதிக்கும் முன் சான்றஞ்சலில் அறிவிப்பு வர வேண்டும்; சரிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும்; நீங்கள் 30 நாட்களுக்குள் கேட்டால் போர்டின் முன் நேரில் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். நான் இருந்தவரையில் நேரில் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அபராதம் தள்ளுபடியானது அல்லது குறைந்தது. ஆனால் நேரில் வந்தவர்கள் மிகச் சிலரே.

கட்டாத பாக்கி வீட்டின் ஏலம்வரை போகும் இடத்தில்தான் எனக்கு மிகவும் கவலை. 2008-ல் டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில், ஈராக்கில் பணியிலிருந்த ஒரு ராணுவ அதிகாரியின் வீடு, ஏறத்தாழ 800 டாலர் சங்கப் பாக்கிக்காக ஏலத்தில் விற்கப்பட்டது. கடனே இல்லாத, 3,00,000 டாலர் மதிப்புள்ள வீடு. ஏலத்தில் போன விலை 3,500 டாலர். பின்னர் சமரசத்தில் வீடு அந்தக் குடும்பத்துக்குத் திரும்பியது என்றாலும், அந்த வழக்கு மாநிலத்தையே உலுக்கியது. 2011-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கம் வீட்டை ஏலம் விட முடியாது. அபராதமும் அதைச் சார்ந்த வழக்கறிஞர் கட்டணமும் மட்டுமே பாக்கி என்றால் ஏலமே விட முடியாது. தவணை கேட்டால் குறைந்தது மூன்று மாதத் தவணையாவது தர வேண்டும். ஏலம் போன பின்னும் 180 நாட்களுக்குள் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். நீங்கள் கட்டும் தொகையை முதலில் கட்டணப் பாக்கிக்கும் கடைசியில்தான் அபராதத்துக்கும் வரவு வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சாதாரணமாகத் தோன்றும் இந்த வரவு வரிசைதான் பல குடும்பங்களை ஏலத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்று ஒரு கணக்காளனாகச் சொல்கிறேன்.

இவ்வளவு பாதுகாப்புக்குப் பிறகும் தீங்கு நிற்கவில்லை, ஏனென்றால் தீங்கு செய்வது வழக்கறிஞர் கட்டணம். நான் பொருளாளராக இருந்தபோது, வேலையிழந்த ஒருவர் வந்த கடிதங்களைப் பிரிக்காமலே ஒதுக்கி வைத்திருந்தார். 420 டாலரில் தொடங்கிய பாக்கி, கோப்பு வழக்கறிஞரிடம் போன எட்டு மாதத்தில் 2,300 டாலரைத் தாண்டியது. அந்தக் கோப்பை அனுப்பச் சொல்லிக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். அவர் வீட்டுக்கு நடந்துபோனால் நான்கு நிமிடம். ஒரு முறை போய்ப் பேசியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு, கோப்பு வெளியே போகுமுன் போர்டு உறுப்பினர் ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று முடிவுசெய்தோம். பாக்கிகள் பாதியாகக் குறைந்தன. உங்களுக்கு நான் சொல்வது இரண்டு: சங்கத்தின் கடிதம் எதையும் பிரிக்காமல் வைக்காதீர்கள், ஊருக்கோ வேறு மாநிலத்துக்கோ மாறினால் உங்கள் தபால் முகவரியைச் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முகவரி மாறியது தெரியாது என்பதிலிருந்துதான் பெரும்பாலான துயரங்கள் தொடங்குகின்றன.

விதிகளையும் அபராதத்தையும்விட ஆழமான பள்ளம் சேமநிதி. டாலஸைச் சுற்றியுள்ள மண், நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் போல மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிப்பது. எங்கள் குடியிருப்பின் வெளிச்சுவர் பதினைந்து ஆண்டுகளில் சாலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. மாற்றுவதற்குச் செலவு ஏறத்தாழ 3,40,000 டாலர். சேமநிதியில் இருந்தது 1,10,000 டாலர். மீதிக்காக வீட்டுக்கு 385 டாலர் திடீர்க் கட்டணம் விதித்தோம். ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்று இதற்குப் பெயர். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்தது எனக்கு இனிய நினைவல்ல. குறை யாருடையது? கட்டணம் குறைவு என்று சொல்லி வீடுகளை விற்ற தொடக்க ஆண்டுகளிலும், உயர்த்தினால் ஓட்டு போய்விடும் என்று அடுத்தடுத்த போர்டுகள் தள்ளிப்போட்ட ஆண்டுகளிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த குறை அது. சேமநிதி எவ்வளவு இருக்க வேண்டும் என்று பொறியாளரை வைத்து ஆராய்வதை டெக்சாஸ் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

இதன் கொடிய எல்லையை ஃப்ளோரிடாவில் உலகம் பார்த்தது. மயாமிக்கு அருகே சர்ஃப்சைடில் 12 மாடி அடுக்ககம் ஒன்று 2021 ஜூன் 24 பின்னிரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே ஒரு பொறியாளர் நீச்சல்குளத் தளத்தின் கீழுள்ள கான்கிரீட் சேதத்தைப் பற்றி எழுத்தில் எச்சரித்திருந்தார்; 1.5 கோடி டாலர் அளவிலான பழுதுபார்ப்புக்கு ஒப்புதல் கிடைத்து முக்கியமான கட்டமைப்பு வேலை தொடங்குவதற்குள் கட்டடம் விழுந்துவிட்டது. பணப் பற்றாக்குறைதான் கட்டடத்தை வீழ்த்தியது என்று நான் சொல்லவில்லை. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறைகள் பேசப்படுகின்றன. ஆனால் கையில் நிதி இல்லாத சங்கம் தெரிந்த ஆபத்தையும் மூன்று ஆண்டு பேசிக்கொண்டிருக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். 2022-ல் ஃப்ளோரிடா, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்ககங்களுக்குக் கட்டமைப்புச் சேமநிதி ஆய்வைக் கட்டாயமாக்கியது. அந்த நிதியை ஒதுக்க வேண்டாம் என்று உரிமையாளர்களே வாக்களித்துத் தள்ளிவிடும் வழியையும் அடைத்தது. நீங்கள் பார்ப்பது தனிவீடு. உங்கள் கூரைக்குச் சங்கம் பொறுப்பல்ல, ஆகவே ஆபத்து அவ்வளவு இல்லை. நாளை டவுன்ஹோமோ அடுக்ககமோ வாங்க நினைத்தால் இந்தப் பத்தியை மறக்காதீர்கள்.

சங்கம் இல்லாத அந்தப் பழைய வீட்டைப் பற்றியும் ஒரு சொல். சங்கம் இல்லை என்பதால் கட்டுப்பாடு இல்லை என்று ஆகிவிடாது. பழைய மனைப்பிரிவுகளில் பத்திரக் கட்டுப்பாடுகள் பதிவில் இருக்கலாம். நடைமுறைப்படுத்தச் சங்கம் இல்லாவிட்டாலும் பக்கத்து மனைக்காரரே வழக்குத் தொடுக்க இடமுண்டு. புல் உயர்ந்தால், குப்பை சேர்ந்தால் நகராட்சியின் விதியமலாக்கப் பிரிவும் வரும். வேலி, வடிகால், பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் நீங்களே பேசித் தீர்க்க வேண்டும்; அது சிலருக்கு இயல்பாக வரும், சிலரால் இயலவே இயலாது. அந்த வகையில் இது வீட்டைவிட உங்கள் சுபாவத்தைப் பொறுத்த தேர்வு.

புதிய வீட்டின் 900 டாலரை நான் இப்படிப் பார்ப்பேன். அந்தத் தொகை உங்கள் வங்கியின் எஸ்க்ரோவில், அதாவது சொத்துவரிக்கும் காப்பீட்டுக்கும் வங்கி மாதாமாதம் வாங்கி வைக்கும் கணக்கில், பெரும்பாலும் சேராது. தனியாகச் செலுத்த வேண்டும். கடன் தகுதியைக் கணக்கிடும்போது வங்கி அதைச் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் குடியிருக்கும்வரை வருமான வரியில் கழிக்க முடியாது. டாலஸ் புறநகரங்களில் மட் (முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) என்றும் பிட் (பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்) என்றும் அழைக்கப்படும், குடிநீர், வடிகால் போன்ற பொதுப் பணிகளுக்கான சிறப்பு மாவட்டங்களின் வரிகள் சில குடியிருப்புகளில் தனியாக உண்டு. அவை சங்கக் கட்டணம் அல்ல, அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், ரியல்டரிடம் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். புதிய குடியிருப்பு என்பதால் போர்டு இன்னும் டெவலப்பர் கையில் இருக்கும். 75% மனைகள் விற்றுப்போன 120 நாட்களுக்குள் போர்டில் மூன்றில் ஒரு பங்காவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். முழுப் பொறுப்பும் கைமாறும்போது கட்டணம் உயர்வதே வழக்கம். 900 என்பதை 1,300 என்று வைத்து உங்கள் மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த 1,300 என் மதிப்பீடு மட்டுமே. அதற்கும் தாங்கும் என்றால், உங்கள் சுபாவமும் ஒத்துவந்தால், அந்த வீட்டை வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கையெழுத்துக்கு முன் மூன்று தாள்களைப் படியுங்கள். மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் தளத்தில் எல்லாச் சங்கங்களும் தங்கள் நிர்வாகச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். யார் நடத்துகிறார்கள், வீடு கைமாறும்போது என்னென்ன கட்டணம் என்பது அதில் இருக்கும். அடுத்தது ரீசேல் சர்ட்டிஃபிகேட், விற்பனைக்கு வரும் வீட்டைப் பற்றியும் தன் நிதி நிலையைப் பற்றியும் சங்கம் தரும் சான்றிதழ். அதற்குச் சங்கம் 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. சேமநிதி எவ்வளவு, ஒப்புதலான திடீர்க் கட்டணம் ஏதும் உண்டா, சங்கத்தின்மேல் வழக்கு உண்டா, இந்த வீட்டின்மேல் விதிமீறல் பதிவு உண்டா என்பதை அதில் பாருங்கள். சங்கம் உள்ள வீட்டுக்கான ஒப்பந்த இணைப்பில் உரிய இடத்தைத் தேர்ந்து நிரப்பியிருந்தால், இந்த ஆவணங்கள் கையில் வந்த மூன்று நாட்களுக்குள், வீடு கைமாறுவதற்கு முன், ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. நிரப்பியிருக்கிறதா என்று இன்றே ரியல்டரிடம் கேளுங்கள். மூன்றாவது, கடந்த ஓராண்டு போர்டு கூட்டக் குறிப்புகள். இவற்றை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், உறுப்பினர் என்ற முறையில் சங்கத்தின் பதிவேடுகளைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் குறிப்புகளில் சுவர், வடிகால், குளம் என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன, ஒவ்வொரு முறையும் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு" என்று முடிகிறதா என்று பாருங்கள். அப்படி முடிந்தால் சேமநிதித் தொகையையும் குடியிருப்பின் வயதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். கணக்கை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.